மூன்று மாதம் எதுவும் வாங்காமல் இருப்பது எப்படி? வேலை பீரோவில் தொடங்குகிறது

கேள்வி இதுதான்: "வீட்டில் இருவருக்கும் சம்பளம் வருகிறது. வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை போக மிச்சம் இருக்க வேண்டும், ஆனால் இருப்பதில்லை. பீரோ நிறைந்து வழிகிறது, ஆனாலும் வாரம் இரண்டு பார்சலாவது வருகிறது. கொஞ்ச நாள் ஷாப்பிங்கையே நிறுத்திப் பார்க்க ஆசை. இரண்டு முறை முயன்று பத்து நாளில் விட்டுவிட்டேன். எப்படிச் செய்தால் நிற்கும்? இருப்பதே போதும் என்ற நினைப்பு நிஜமாகவே வருமா?"

வரும், ஆனால் தானாக வராது. பத்து நாளில் விட்டுப்போனதற்கு மன உறுதியைக் குறை சொல்ல வேண்டாம். வாங்குவதை நிறுத்தினீர்கள், அந்த நேரத்தில் செய்ய வேறு வேலை எதையும் வைக்கவில்லை. கை சும்மா இருந்தால் போனைத்தான் எடுக்கும். இருப்பதை வெளியே எடுத்துப் பார்ப்பது, பழுது பார்ப்பது, உடுத்தித் தீர்ப்பது என்று மூன்று மாதத்துக்குப் போதுமான வேலை உங்கள் பீரோவிலும் பரணிலும் கிடக்கிறது. அதைச் செய்யச் செய்யத்தான் போதும் என்ற நினைப்பு வரும். கீழே எழுதியிருப்பதில் பெரும்பகுதி அந்த வேலையைப் பற்றியது.

முதலில் காலம். ஒரு மாதம் போதாது. வாங்க நினைத்ததைத் தள்ளிப்போட்டு அடுத்த மாதம் சேர்த்து வாங்கிவிடுவோம். ஒரு வருடம் என்றால் நடுவில் தீபாவளி வந்து விழும். 90 நாள் சரியான அளவு. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பொங்கல் முடிந்த கையோடு தொடங்கிப் பங்குனி கடைசியில் முடிப்பது வசதி. புதுத் துணி எடுத்தாகிவிட்டது, பள்ளிச் சீருடை ஜூனில்தான், அட்சய திருதியை விளம்பரம் அதற்குப் பிறகுதான் சூடுபிடிக்கும். தையிலும் மாசியிலும் முகூர்த்தங்கள் உண்டு. அதற்கு வழி பின்னால் சொல்கிறேன். தொடங்கவே கூடாத மாதம் ஆடி. கல்யாணம் இல்லாததால் வியாபாரம் படுக்கும், தீபாவளிச் சரக்கு வருவதற்குள் பழைய சரக்கைக் கழிக்க வேண்டும் என்பதால்தான் ஆடித் தள்ளுபடி என்ற ஏற்பாடே வந்தது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் நிற்க இடம் இல்லாத அந்த மாதத்தில் வாங்குவதில்லை என்று விரதம் எடுப்பது வீண் வம்பு.

தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒரே ஒரு வேலை: கடந்த ஆறு மாத ஆர்டர்களைப் பார்ப்பது. வங்கிக் கணக்கைப் பார்த்தால் யாருக்கு எவ்வளவு போனது என்று மட்டும் தெரியும். என்ன வாங்கினோம் என்பது ஒவ்வொரு ஆப்பிலும் உள்ள 'என் ஆர்டர்கள்' பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு நோட்டில் பொருள், விலை, ஆர்டர் போட்ட கிழமை, நேரம் ஆகியவற்றை எழுதுங்கள். நேரத்தை உறுதிப்படுத்தி வந்த மின்னஞ்சலிலோ எஸ்எம்எஸ்ஸிலோ பார்க்கலாம். பக்கத்தில் அந்தப் பொருளின் இன்றைய நிலை: வாரா வாரம் கை படுகிறது, எப்போதாவது, பிரிக்கவே இல்லை, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இந்தக் கடைசி இரண்டையும் மட்டும் தனியாகக் கூட்டிப் பாருங்கள். அந்தத் தொகையை ஆறால் வகுத்தால் மாதம் எவ்வளவு வீணாகிறது என்பது கையில் வந்துவிடும். நேரத்தின் பத்தியை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். சம்பளம் வந்த முதல் வாரம், இரவு பத்து மணிக்கு மேல் என்று ஏதாவது ஒரு கொத்து நிச்சயம் தெரியும். உங்களுக்குக் காவல் தேவைப்படுவது அந்த நேரத்தில்தான், நாள் முழுக்க அல்ல.

அடுத்து, மூன்று பட்டியல். எப்போதும் வாங்கலாம் என்பதில் மருந்து, மளிகை, காய், பால், பிள்ளையின் பள்ளித் தேவை, உடைந்த பொருளின் உதிரிபாகம். தீர்ந்தால் வாங்கலாம் என்பதில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய், பேனா. தடை என்பதில் துணி, செருப்பு, பை, அலங்காரப் பொருள், பாத்திரம், போன் சாமான், கவரிங் நகை. நடுப் பட்டியலில்தான் ஏமாற்று வேலை நடக்கும். தீர்ந்தால் என்றால் டப்பா காலியாகிக் கழுவி வைத்தபின் என்று பொருள். 'குறைந்துவிட்டது' என்பது கணக்கில் வராது. பழைய அளவு, பழைய பிராண்டு, ஒன்றே ஒன்று. சோப்பு வாங்கப் போய் பாடி வாஷோடு வருவது தடைப் பட்டியலில் சேரும்.

இடையில் நிற்கும் சிலவற்றை முன்கூட்டியே எழுதிவையுங்கள். புத்தகம், செடி, பூச்சட்டி, பிள்ளைகளின் கைவேலைச் சாமான் எல்லாம் நல்ல பழக்கம் என்ற பெயரில் உள்ளே நுழையும். எல்லாவற்றிலும் மோசமானது வீட்டை ஒழுங்குபடுத்த வாங்கும் டப்பாக்களும் கூடைகளும். சாமான் அதிகம் என்பதற்காகத் தொடங்கிய வேலையில் முதல் நாளே பன்னிரண்டு பிளாஸ்டிக் டப்பா வாங்குபவர்கள் ஏராளம். செருப்புப் பெட்டியும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலும் மூன்று மாதம் தாங்கும்.

இனி போன். ஆப்பை நீக்கினால் மட்டும் போதாது. பிரவுசரில் அதே கடை திறக்கும். பணம் போகும் பாதையில் தடை வைப்பதுதான் பலன் தரும். 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் உங்கள் கார்டு எண்ணை வைத்திருக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்றுக் குறியீட்டை வைத்திருக்கின்றன. ஆப்பின் பேமென்ட் பக்கத்தில் சேமித்த கார்டுகளை நீக்குங்கள், வங்கியின் பக்கத்திலும் எந்தெந்தக் கடையில் டோக்கன் இருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து நீக்கலாம். சேமித்த முகவரியையும் அழியுங்கள். ராத்திரி பதினொரு மணிக்கு பதினாறு இலக்கக் கார்டு எண்ணையும் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரையும் அடித்து முடிப்பதற்குள் பாதி ஆசை அடங்கிவிடும்.

விஷ்லிஸ்ட்டைக் காலி செய்யுங்கள். 'விலை குறைந்துவிட்டது', 'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்ற அழைப்புகள் அங்கிருந்துதான் வருகின்றன. பொய்யான அவசரம் காட்டுவது, கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பது, கட்டணத்தைக் கடைசித் திரையில் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது போன்ற 13 உத்திகளை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு விதிகளில் தடை செய்தது. மாட்டிக்கொண்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் தரலாம். விளம்பர எஸ்எம்எஸ்ஸை நிறுத்த, ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்' என்று அடித்து இடைவெளி விட்டு 0 சேர்த்து 1909க்கு அனுப்புங்கள். நீங்களே போன் நம்பர் கொடுத்துச் சம்மதித்த கடைகளின் செய்தி இதற்குப் பிறகும் வரும். அவற்றைத் தனித்தனியாகத்தான் நிறுத்த வேண்டும். பில் போடும் இடத்தில் நம்பர் கேட்டால் தரத் தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

யுபிஐ ஆப்பில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். மாதா மாதம் பிடிக்கும் சந்தாக்கள் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். கார்டில் பிடிப்பவை வங்கியின் பக்கத்தில் இருக்கும். 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு மாதமும் ஓடிபி கேட்காமலே எடுக்க அனுமதி உண்டு. பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு ஒரு தகவல் வர வேண்டும் என்பது விதி, அதை நாம் படிப்பதில்லை. இலவச டெலிவரிக்காகக் கட்டிய வருடச் சந்தா இருந்தால் புதுப்பித்தலை நிறுத்திவிடுங்கள். 'டெலிவரிதான் இலவசமாச்சே' என்ற எண்ணம் சின்னச் சின்ன ஆர்டர்களுக்குத் தூபம் போடும். பத்து நிமிட டெலிவரி ஆப்புகள் இன்னும் மோசம். பச்சை மிளகாய்க்காகத் திறந்தால், சிறிய ஆர்டருக்கான கட்டணத்தைத் தவிர்க்க 99 ரூபாய்க்கு எதையாவது சேர்க்கச் சொல்லும். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டி, தீர்ந்ததை எழுதி, வாரம் இரண்டு நாள் தெருமுனைக் கடைக்குப் போவது பழைய முறை. இதற்கு அதுவே போதும்.

ஆப்புகளைவிடக் கடினமானது வாட்ஸ்அப் புடவைக் குழு. காலை பதினொரு மணிக்கு இருபது படம் வந்து விழும். 'சிங்கிள் பீஸ், ஸ்கிரீன்ஷாட் அனுப்பிப் புக் பண்ணுங்க' என்று கீழே வரி. அரை மணியில் 'சோல்ட் அவுட்' முத்திரையோடு அதே படம் திரும்ப வரும், மாலையில் 'ரீஸ்டாக் வந்தாச்சு சிஸ்' என்று மூன்றாம் முறையும் வரும். விற்பவர் பெரும்பாலும் தெரிந்தவர், பக்கத்துத் தெரு அக்கா அல்லது கூட வேலை செய்பவரின் மனைவி என்பதால் வெளியேறத் தயங்குவோம். பணம் நேராக யுபிஐயில் போகும், திருப்பித் தரும் பேச்சு இல்லை, சேதம் என்றால் பார்சல் பிரித்த வீடியோ கேட்பார்கள். இதில் நாசூக்கு பார்த்தால் வேலைக்காகாது. 'மூணு மாசம் எதுவும் எடுக்கிறதில்லன்னு இருக்கேன் அக்கா, சித்திரைல மறுபடி சேர்த்து விடுங்க' என்று தனியாகச் செய்தி அனுப்பிவிட்டு வெளியேறுங்கள். குழுவை மியூட் செய்து வைப்பது கைகொடுக்காது, ஸ்டேட்டஸில் அதே படங்கள் ஓடும். அந்த எண்ணின் ஸ்டேட்டஸையும் மியூட் செய்ய வேண்டும்.

இப்போது பீரோ. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இதை முடிக்கப் பார்க்காதீர்கள். துணிகளை எல்லாம் கட்டிலில் கொட்டுவது இணையத்தில் பார்க்க நன்றாக இருக்கும், மாலைக்குள் அலுத்துப்போய் அள்ளித் திணித்துவிடுவோம். ஒரு நாளைக்கு ஒரு தட்டு என்று எடுங்கள். புடவைகளை மூன்றாகப் பிரியுங்கள்: உடுத்துவது, உடுத்த ஆசை இருந்தும் முடியாதது, உடுத்தவே போவதில்லை என்பது. நடுவில் உள்ள குவியல்தான் பெரிதாக இருக்கும். ஒவ்வொன்றையும் ஏன் உடுத்தவில்லை என்று கேட்டால் பத்தில் ஏழுக்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: ஜாக்கெட் இறுக்கிப் பிடிக்கிறது.

புடவை பழசாவதற்கு முன்பே ஜாக்கெட் சிறிதாகிவிடுகிறது. அந்தக் காரணத்தால் கட்டாமல் விட்ட புடவைக்குப் பதிலாக இன்னொரு புடவை, அதற்கு ஃபால்ஸ், ஓரம், லைனிங் வைத்த ஜாக்கெட் தையல், தோதான வளையல் என்று போகும். 1,500 ரூபாய்ப் புடவை இடுப்பில் ஏறும்போது 2,500ஐத் தாண்டியிருக்கும். பதிலாக, இறுக்கிப் பிடிக்கும் ஜாக்கெட்டுகளை எல்லாம் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நல்ல டெய்லர் பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் ஒரு அங்குலமாவது உள்ளே மடித்து, இரண்டு மூன்று தையல் வரிசை விட்டிருப்பார். ஒரு வரிசையைப் பிரித்தால் சுற்றளவில் அரை முதல் ஒரு அங்குலம் கிடைக்கும். வெளி வரிசை அப்படியே இருக்க வேண்டும், உள்ளே இருப்பதை மட்டும் பிரிக்க வேண்டும். அவசரத்தில் மாற்றிப் பிரித்தால் ஜாக்கெட்டே பிளந்துகொள்ளும். நூல் பிரியாமல் இருக்க விளிம்பில் ஓவர்லாக் தையல் அடித்து ஒட்ட வெட்டியிருந்தால் பக்கவாட்டில் விட இடம் இல்லை. அக்குளில் சிறிய துண்டு வைத்துத் தைக்கலாம், அதே துணி புடவையில் மிச்சம் இல்லாவிட்டால் லைனிங் நிறத்தில் வைத்தாலும் வெளியே தெரியாது. கை மட்டும் இறுகினால் கையின் அடித் தையலைப் பிரித்தாலே போதும், முழுதாகத் தொட வேண்டாம். பட்டு ஜாக்கெட்டில் பழைய தையல் கோடு கொஞ்ச நாள் தெரியும், அயர்ன் போட்டுப் போட்டு மங்கும். எட்டு ஜாக்கெட்டை ஒரே நாளில் டெய்லரிடம் கொடுத்தால் ஒரு புதுப் புடவையின் விலையில் சிறு பங்குக்கு எட்டுப் புடவை திரும்பக் கிடைக்கிறது. எங்கே பிடிக்கிறது என்று ஒவ்வொன்றிலும் சீட்டு எழுதிக் குத்தி அனுப்புங்கள். 'எல்லாத்தையும் கொஞ்சம் விடுங்க' என்றால் எல்லாமே தொளதொள என்று வரும்.

பட்டுப் புடவைகளை இந்த 90 நாளில் ஒரு முறையாவது வெளியே எடுத்தாக வேண்டும். நிழலில், காற்றுப் படும்படி ஒரு மணி நேரம் போட்டு, பழைய மடிப்பில் விழாமல் மாற்றி மடியுங்கள். ஒரே மடிப்பில் வருடக் கணக்கில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டில் ஒடியும், பட்டு இழை விட்டுவிடும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கி ஜரிகை கறுக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றுங்கள். நாப்தலின் உருண்டை புடவையில் நேரடியாகப் படக் கூடாது.

உடுத்தியதை எப்படி அடையாளம் வைப்பது? ஹேங்கரில் உள்ளவற்றுக்கு எல்லாக் கொக்கியையும் தலைகீழாக மாட்டி, அணிந்தபின் நேராக மாட்டுவது தெரிந்த வழி. மடித்து அடுக்கும் புடவைக்கும் சட்டைக்கும் அது உதவாது. தட்டின் இடது ஓரத்திலிருந்து எடுத்து, துவைத்து வந்ததை வலது ஓரத்தில் வையுங்கள். 90 நாள் முடிவில் இடப்பக்கம் அசையாமல் நிற்பவை தாமாகக் காட்டிக்கொடுக்கும். கொடுக்க வேண்டியதை அப்போது கொடுங்கள், முதல் வாரத்தில் வேண்டாம். ஆரம்ப உற்சாகத்தில் மூட்டை மூட்டையாகக் கொடுத்துவிட்டு, ஏற்பட்ட காலி இடத்தை நிரப்ப மறுபடி வாங்குவது வழக்கமாக நடக்கும் விபத்து. 'ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே' என்ற விதியும் எனக்கு உவப்பில்லை; வாங்கும் வேகத்தைக் குறைக்காமல் வீட்டைச் சுத்தமாக மட்டும் வைத்திருக்க அது உதவும்.

பழுதுபார்க்கும் பட்டியல் ஒன்று போடுங்கள். புதிது வாங்கக் காரணமாகும் பல பழுதுகள் உண்மையில் சில்லறைச் செலவு. குக்கரில் விசில் வராமல் மூடி ஓரத்தில் ஆவி வந்தால் கேஸ்கெட் என்ற ரப்பர் வளையம் இளகிவிட்டது. வாங்கும்போது லிட்டர் அளவோடு மாடல் பெயரும் வேண்டும், ஐந்து லிட்டரிலேயே உள்மூடிக்கும் வெளிமூடிக்கும் வேறு வேறு. சேஃப்டி வால்வு மட்டும் அசல் கம்பெனிப் பொருளாகவே இருக்கட்டும். மிக்ஸி மோட்டார் ஓடி ஜாரின் பிளேடு சுற்றாவிட்டால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கிறது. ஜாரின் அடியில் கறுப்பாகக் கசிந்தால் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் போய்விட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றால் அடியில் உள்ள சிவப்பு ஓவர்லோட் பொத்தானைப் பத்து நிமிடம் ஆறவிட்டு அழுத்திப் பாருங்கள். 'மிக்ஸி போச்சு' என்று தூக்கிப்போட்டவற்றில் பல இதற்கே உயிர் பெறும். பழைய வகை சீலிங் ஃபேன் ஐந்தில் வைத்தும் மெதுவாகச் சுற்றினால் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மீது. பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட், விலை நூறு ரூபாய்க்குள். எலக்ட்ரீஷியன் கூலிதான் அதைவிட அதிகம் வரும். பேண்ட், பை ஜிப்பில் பல் ஒழுங்காக இருந்து மூடாவிட்டால் இழுத்து மூடும் ரன்னரை மட்டும் மாற்றினால் போதும். ஷூ அடி பிரிந்தால் பசை போட்டு ஒட்டுவதோடு விடாமல் சுற்றித் தைக்கச் சொல்லுங்கள்.

போன் பழசாகிவிட்டது என்பதில் பாதி பேட்டரிதான். பேட்டரியின் திறனைக் காட்டும் போன்களில் அது 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரி மாற்றுங்கள். பின்பக்கம் புடைத்திருந்தால் அன்றே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும், அதில் சிக்கனம் கூடாது.

சமையலறையையும் குளியலறையையும் விரைவாகச் சொல்லிவிடலாம். திறந்து பாதியில் விட்ட மசாலா, சேமியா, ரவை, பாயச மிக்ஸ் எல்லாவற்றையும் ஒரே தட்டில் முன்னால் கொண்டுவாருங்கள். வண்டு பிடித்ததைத் தள்ளிவிட்டு மற்றதைத் தீர்க்கும் வரை புதுப் பாக்கெட் இல்லை. கிரீம், லோஷன் டப்பாக்களின் பின்னால் திறந்த ஜாடி படத்துக்குள் 6, 12 என்று எண் இருக்கும். திறந்தபின் அத்தனை மாதம் என்று அர்த்தம். சன்ஸ்கிரீனைத் தேதி தாண்டித் தடவுவதில் பயன் இல்லை.

இனி எல்லோரும் விட்டுவிடும் ஒரு விஷயம். பல வீடுகளில், முக்கியமாகப் பெண்களுக்கு, கடைக்குப் போவதுதான் காரணம் சொல்லாமல் வெளியே போக முடிகிற ஒரே வழி. ஞாயிற்றுக்கிழமை கடைத்தெரு, அக்கா தங்கையோடு பேச்சு, நடுவில் ஒரு காபி, திரும்பும்போது கையில் ஒரு பை. பையை நிறுத்தினால் மற்றவையும் நின்றுபோகும், பத்தாம் நாள் வீடு மூச்சு முட்டும். ஆகவே வெளியே போகும் நாளை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றுங்கள். சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் குழந்தைகளுக்கென்று தனிப் பகுதி உண்டு, அரை நாள் ஓடிவிடும். மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம், பூங்கா, கோயில் பிரகாரம், யார் வீட்டு மொட்டை மாடியோ. ஆண்களுக்கும் இதே கணக்குதான்; எலக்ட்ரானிக்ஸ் கடையில் 'சும்மா பார்க்க' நுழைவது அவர்களுடைய கடைத்தெரு.

வாங்கத் தோன்றும்போது அடக்கிக்கொள்ள வேண்டாம், எழுதுங்கள். ஒரு சின்ன நோட்டில் ஐந்து விவரம்: தேதி, பொருள், விலை, அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள், இதே வேலையைச் செய்யும் எது வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது. ஒரு பதிவு இப்படி இருக்கும்: 'பிப்ரவரி 9, ஏர் ஃபிரையர், 4,999, ரீல் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஓடிஜி மின்அடுப்பு பரணில் இருக்கிறது.' 30 நாள் கழித்து அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கும்போது பலவற்றை எதற்காகக் கேட்டோம் என்பதே மறந்திருக்கும். மறக்காமல் நிற்பவை உண்மையான தேவைகள், அவற்றுக்கு மேலே நட்சத்திரம் போடுங்கள். ஆப்பின் கார்ட்டை இந்த நோட்டாகப் பயன்படுத்தக் கூடாது. அது நினைவூட்டிக்கொண்டே இருக்கும், நோட்டு வாயைத் திறக்காது.

எங்கே வழுக்கும்? தொடங்குவதற்கு முந்தைய நாள் இரவு முதல் ஆபத்து. 'நாளை முதல் முடியாதே' என்று மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்குவார்கள். அதனால் தொடங்கும் தேதியை முன்கூட்டி அறிவிக்காமல் ஆர்டர் கணக்கெடுத்த மறுநாளே ஆரம்பிப்பது நல்லது. மூன்றாவது வாரத்தில் செலவு வேறு வாசலில் நுழையும். துணி வாங்காத பணம் ஸ்விக்கி, ஜொமேட்டோவுக்குப் போகும், அல்லது பிள்ளைக்குப் பொம்மையாக மாறும். மாதக் கடைசியில் மொத்தச் செலவைப் பாருங்கள், தடைப் பட்டியலை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு நாள் தவறி வாங்கிவிட்டால் கணக்கை ஒன்றிலிருந்து தொடங்காதீர்கள். நோட்டில் எழுதிவிட்டு அடுத்த நாளைத் தொடருங்கள். முதலிலிருந்து தொடங்குபவர்கள் 'எப்படியும் கெட்டுப்போச்சு' என்று இன்னும் நான்கு வாங்கிவிட்டுத்தான் தொடங்குகிறார்கள்.

வீட்டில் மற்றவர் சேர மறுக்கலாம். கட்டாயப்படுத்த வேண்டாம், அவரவர் கைச்செலவுக்கு ஒரு தொகை ஒதுக்கிவிட்டு அதில் தலையிடாமல் இருங்கள். கல்யாணம், காதுகுத்து வந்தால் பரிசுப் பொருளுக்குப் பதில் மொய்யாகச் செய்துவிடலாம். பெறுபவருக்கும் அதுதான் உபயோகம். ஆனால் தங்கைக்குச் செய்ய வேண்டிய சீரையோ, வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கு எடுத்துத் தரும் புடவையையோ இந்தக் கணக்கில் வெட்டாதீர்கள். உங்கள் சிக்கனத்துக்கு அவர்கள் விலை கொடுக்கக் கூடாது.

தவணையைப் பற்றி ஒரு கணக்கு. 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்பதில் வட்டி இருக்கிறது. வட்டித் தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுகிறது, வங்கி உங்களிடம் அதை வாங்குகிறது. 24,000 ரூபாய்ப் பொருளை ஆறு மாதம் 4,000 வீதம் கட்டினால், ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்தால் அதில் சுமார் 1,016 ரூபாய் வட்டி. அந்த வட்டி மீது 18 சதவீத ஜிஎஸ்டி 183 ரூபாய் உங்கள் தலையில். செயலாக்கக் கட்டணம் 199 என்றால் அதன் ஜிஎஸ்டியோடு 235. ஆக 418 ரூபாய் கூடுதல். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கக்கூடிய தள்ளுபடி போனது தனி. கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டுபவர்களுக்கு நிலைமை இன்னும் கடுமை. 20,000இல் 1,000 கட்டிவிட்டு மீதியை விட்டால், மாதம் 3.5 சதவீதம் என்ற விகிதத்தில் ஏறக்குறைய 665 ரூபாய் வட்டி, ஜிஎஸ்டி வேறு. பாக்கி தீரும் வரை புதிதாக வாங்குவதற்கும் வட்டியில்லா நாள்கள் கிடையாது. இப்படிப் பாக்கி இருந்தால் 90 நாளில் மிச்சமாகும் பணம் முழுவதும் முதலில் அதற்குத்தான் போக வேண்டும். கடன் வாங்கி வாங்குவது, பார்சலை வீட்டாருக்குத் தெரியாமல் ஒளிப்பது, நிறுத்த நினைத்தும் கை நிற்காதது என்ற நிலையில் இருப்பவர்களுக்கு நோட்டும் பட்டியலும் போதாது. அது மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் 14416, தமிழிலும் பேசலாம்.

பாக்கி இல்லாதவர்கள், ஆர்டர் கணக்கில் கிடைத்த அந்த மாத வீண் தொகையைச் சம்பளம் வந்த மறுநாளே, மாதா மாதம் ஒரே தொகை கட்டும் ஆர்டி கணக்குக்குப் போகும்படி வைத்துவிடுங்கள். வங்கிகளில் ஆறு மாதத்திலிருந்து தொடங்கலாம், அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலிருந்து, ஐந்து வருடம். நகைக் கடைச் சீட்டைச் சேமிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாளுக்குள் பொருளாக மாறாவிட்டால் கம்பெனிச் சட்ட விதிப்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். பெரும்பாலான சீட்டுகள் 11 மாதத்தில் முடிவது இதனால்தான். முடிவில் நகையாகத்தான் வாங்க வேண்டியிருக்கும், செய்கூலி சேதாரம் எப்படி என்பது அந்தந்தக் கடையின் நிபந்தனையைப் பொறுத்தது. ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பதை நடுவில் விட்டால் நஷ்டம், முடியுங்கள். புதிதாக இந்த மூன்று மாதத்தில் சேராதீர்கள்.

91ஆம் நாள் கடைக்குப் போகாதீர்கள். அன்று நோட்டை எடுத்து நட்சத்திரம் போட்டவற்றை மட்டும் தனித்தாளில் எழுதுங்கள், ஐந்தாறுதான் தேறும். பீரோவின் இடப்பக்கத்தில் அசையாமல் நின்றவற்றைப் பக்கத்தில் வைத்து, எந்த வகையில் ஏற்கெனவே அதிகம் இருக்கிறது என்று பாருங்கள். 12,000 ரூபாய்ப் பட்டு நான்கு முறை உடுத்தப்பட்டிருந்தால் ஒரு தடவைக்கு 3,000, 900 ரூபாய்க் காட்டன் அறுபது முறை உடுத்தப்பட்டிருந்தால் 15. அடுத்த புடவை எதுவாக இருக்க வேண்டும் என்பதை இந்தக் கணக்கே சொல்லிவிடும். ஐந்தாறில் முதலாவதை அந்த வாரமும் மற்றவற்றை மாதம் ஒன்றாகவும் வாங்குங்கள். வாட்ஸ்அப் அக்கா சித்திரையில் குழுவில் சேர்த்துவிட்டால், தாளில் புடவை என்று இருந்தால் மட்டும் உள்ளே இருங்கள்.